வாராவாரம் தபாலுக்குக் காத்திருந்தவர்



முதல்ல ஒரு சின்னக் கேள்வி. ஆன்லைன்ல ஒரு புத்தகம் ஆர்டர் பண்ணிட்டு, அது எங்கே வந்துக்கிட்டு இருக்குன்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்ப்பீங்க? என் ரூம்மேட் காலையில பல் விளக்கிக்கிட்டே ஒரு தடவை, மெஸ் வரிசையில ஒரு தடவை, லேப்ல ஹெச்.ஓ.டி. திரும்பினதும் ஒரு தடவை பார்ப்பான். பார்சல் சென்னையில கிளம்பிடுச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கு அவன் முகமே வேற.

எங்க ஊர் கீழ்புத்துப்பட்டு. புதுச்சேரியில இருந்து ஈசிஆர்ல மரக்காணம் போற பஸ்ல ஏறினா வழியில வரும். அய்யனார் கோயிலையும் அதைச் சுத்தி இருக்கிற காட்டையும் சொன்னா நிறைய பேருக்குத் தெரியும். அதைத் தாண்டி வடக்கே போனா மரக்காணம் உப்பளம். எங்க தாத்தா அந்த உப்பளத்துல கணக்கு எழுதினவர். அவருக்கு ஒரு வாரப் பத்திரிகை தபால்ல வரும். வருஷச் சந்தா. அது வர வேண்டிய நாளை தினசரி காலண்டர்ல தேடி, அந்தத் தாள்ல பத்திரிகையோட பேரை எழுதி வைப்பார். வந்ததும் பேரை அடிச்சிட்டு, அடுத்த வாரத் தாள்ல மறுபடி எழுதுவார். தாளைக் கிழிக்கிற அன்னிக்குப் பேர் அடிபடாம இருந்தா, ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துட்டு பத்திரிகை ஆபீசுக்கு ஒரு கார்டு போட்டுடுவார். சின்ன வயசுல இதைப் பார்த்து நான் சிரிச்சிருக்கேன்.

போன ஆகஸ்ட் 12, நூலகர் தினத்துக்காக இந்த இதழுக்கு ஏதாவது எழுதலாம்னு படிக்க ஆரம்பிச்சப்பதான் விஷயம் புரிஞ்சது. எங்க தாத்தா ஒரு பத்திரிகைக்குச் செஞ்சதை, ஒருத்தர் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வர்ற அத்தனை பத்திரிகைக்கும் செஞ்சிருக்கார். அவர் பேர் சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன். எஸ்.ஆர்.ரங்கநாதன்னு சொன்னா, பொது அறிவுத் தேர்வுக்குப் படிக்கிறவங்க உடனே இந்திய நூலகவியலின் தந்தைன்னு சொல்லுவாங்க. அதோட நிறுத்திடுவோம். இந்தக் கட்டுரை அதுக்கு மேல கொஞ்சம் போகும்.

திக்குவாய் கணக்கு வாத்தியார்

1892 ஆகஸ்டில் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயசுலயே அப்பா போயிட்டார். அம்மாவும் தாத்தாவும்தான் வளர்த்தாங்க. தாத்தா பள்ளி ஆசிரியர். சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில படிப்பு. சின்ன வயசுல உடம்பு நோஞ்சான், ரத்த சோகை. பேச்சுல திக்கல் வேற. வைவா நடக்கும்போது நாக்கு ஒட்டிக்கிற நம்ம நிலைமையை நினைச்சுப் பாருங்க. இவருக்கு அது தினமும்.

அப்புறம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. கணிதத்துல பி.ஏ., 1916ல் எம்.ஏ. அங்கே எட்வர்ட் ராஸ்னு ஒரு பேராசிரியர். ரங்கநாதனுக்குக் கடைசி வரைக்கும் குரு அவர்தான். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில பயிற்சி முடிச்சுட்டு, 1917ல் மங்களூர் அரசுக் கல்லூரியில வேலை. பிறகு கோயம்புத்தூர். 1921ல் சென்னை மாநிலக் கல்லூரி. பையன்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறது அவருக்கு உயிர். அப்படியே போயிருந்தா ஒரு நல்ல கணக்கு வாத்தியாரா ரிட்டயர் ஆகியிருப்பார். நாமும் அவரைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.

குறுக்கே வந்தது சம்பளம். கல்லூரி ஆசிரியருக்கு அன்னிக்குக் கிடைச்சது குறைவு. 1923ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர்னு ஒரு பதவியைப் புதுசா உருவாக்கிச்சு. சம்பளம் நல்லா இருந்தது. நண்பர்கள் சொல்லிச் சொல்லி விண்ணப்பம் போட வெச்சாங்க. போட்டியில சுமார் 900 பேர். அதுல ஒருத்தருக்குக்கூட நூலகப் பயிற்சி கிடையாது. இவருக்கும்தான். ஆனா கணிதத்துல சில ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். நேர்காணலுக்குச் சில நாள் முன்னாடி என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவை எடுத்து, நூலகம் பத்தி இருந்த கட்டுரையைப் படிச்சுக்கிட்டார். இந்தத் துறையைப் பத்தி அவருக்கு அன்னிக்குத் தெரிஞ்சது மொத்தமும் அவ்வளவுதான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி நாம பண்றதைத்தான் அவரும் பண்ணியிருக்கார். வேலை கிடைச்சிடுச்சு.

ஆள் இல்லாத நூலகம்

1924 ஜனவரியில சேர்ந்தார். சேர்ந்த சில நாள்லயே மூச்சு முட்ட ஆரம்பிச்சது. வகுப்புல பையன்களோட சத்தத்துல இருந்தவர். இங்கே சுத்தி அலமாரிங்க மட்டும்தான். வர்றவங்க ரொம்பக் குறைவு. தனிச்சிறை மாதிரி இருந்திருக்கு. மறுபடி கல்லூரிக்கே அனுப்பிடுங்கன்னு போய் நின்னார். அங்கே ஒரு சமரசம் ஆச்சு. லண்டன் போய் நூலகப் படிப்பு படிச்சிட்டு வரணும். வந்த பிறகும் பிடிக்கலைன்னா பழைய வேலைக்கே திரும்பிடலாம்.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. கவுன்சிலிங்ல கிடைச்ச பிரிவு பிடிக்காம முதல் செமஸ்டர் ஓட்டினவங்க நம்மள்ல எத்தனை பேர்? ஒரு வேலையைப் பிடிக்கலைன்னு சொல்றதுக்கு முன்னாடி, அதை ஒழுங்கா செய்யற இடத்துல போய் ஒரு தடவை பார்த்தாரு. அவர் பண்ணினது இவ்வளவுதான்.

1924 கடைசியில லண்டன். யுனிவர்சிட்டி காலேஜ்ல நூலகப் பள்ளி. பெர்விக் சேயர்ஸ்னு ஒரு ஆசிரியர். அவர் குராய்டன் நகர நூலகத்துக்கும் தலைவர். பாடத்தைவிட அந்த ஊர் நூலகங்கள்தான் ரங்கநாதனை மாத்தினது. சுமார் நூறு நூலகம் சுத்திப் பார்த்தார். வேலை முடிஞ்சு வர்ற தொழிலாளி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, வீட்டுல இருக்கிற பெண்கள்னு எல்லாரும் உள்ளே வந்து, அலமாரியில தானே கை நீட்டிப் புத்தகம் எடுத்தாங்க. நம்ம ஊர்ல புத்தகத்தைப் பூட்டி வெச்சுக் காப்பாத்துறதுதான் நூலகர் வேலைன்னு இருந்த காலம் அது.

இன்னொண்ணு, செல்ஃப்ரிட்ஜஸ்னு ஒரு பெரிய கடை. அங்கே மெக்கானோ பொம்மை செட்டை ஒருத்தர் செஞ்சு காட்டிக்கிட்டு இருந்தார். ஓட்டை போட்ட தகடு, கம்பி, சக்கரம், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை ஒரு மாதிரி பூட்டினா கிரேன், இன்னொரு மாதிரி பூட்டினா வண்டி. மெக்கானிக்கல் பசங்க இதைப் படிச்சா சந்தோஷப்படுவாங்க. ரங்கநாதனுக்கு அங்கேதான் பொறி தட்டியது.

அப்போ பல நூலகங்கள்ல இருந்தது டூயி தசம முறை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு எண்ணை முன்கூட்டியே முடிவு பண்ணி வெச்சிருப்பாங்க. புதுப் பாடம் வந்தா அதை எங்கே சொருகுறதுன்னு தடுமாற்றம். ரங்கநாதன் யோசிச்சது வேற. எண்ணை ரெடிமேடா வைக்க வேணாம், துண்டு துண்டா வெச்சுக்கலாம், தேவைக்குத் தகுந்த மாதிரி பூட்டிக்கலாம். தஞ்சாவூர்ல 1920கள்ல நெல்லுக்கு வந்த நோய் பத்தி ஒரு புத்தகம்னு வெச்சுக்கோங்க. நெல்லுக்கு ஒரு துண்டு, நோய்க்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு, காலத்துக்கு ஒண்ணு. துண்டுகளுக்கு நடுவுல போல்ட்டா அவர் வெச்சது முக்காற்புள்ளி, அதாவது கோலன். 1925ல் கப்பல்ல திரும்பி வரும்போது கப்பல் நூலகத்துப் புத்தகங்களை வெச்சே அதைச் சோதிச்சுப் பார்த்தார். 1933ல் கோலன் பகுப்பு முறைன்னு அது புத்தகமா வந்தது.

கணக்கு வாத்தியார் வேலைக்குத் திரும்பணும்னு அதுக்கப்புறம் அவர் கேட்கவே இல்லை.

புது இதழ் வராத ஊரில் ஒரு மேதை

அடுத்து தபால் விஷயம். அதுக்கு முன்னாடி ஒரு கிளைக் கதை. கும்பகோணத்துல ராமானுஜன் பள்ளிப் பையனா இருந்தப்போ அவர் கைக்குக் கிடைச்சது கார்னு ஒருத்தர் எழுதின தேற்றத் தொகுப்பு. 1880கள்ல அச்சானது. அதுக்கப்புறம் ஐரோப்பாவுல கணிதம் எவ்வளவோ தூரம் போயிடுச்சு. அந்தப் புது இதழ்கள் எதுவும் கும்பகோணத்துக்கு வரலை. அதனால ஏற்கனவே வேற யாரோ நிரூபிச்சு முடிச்ச விஷயங்களை ராமானுஜன் தனியா உக்காந்து, ராத்திரி பகலா மறுபடி கண்டுபிடிச்சிருக்கார். மேதையோட வருஷங்கள் அப்படிப் போனது. ஒரு இதழ் சரியான நேரத்துக்கு வராததோட விலை என்னன்னு இதைவிட யாரும் சொல்ல முடியாது.

இதைப் புரிஞ்சுக்கிட்டவர் ஒருத்தர் நம்ம பக்கத்துலயே வேலை பார்த்தார். டெபுடி கலெக்டர் வி.ராமசாமி ஐயர். வேலை வருவாய்த் துறையில, மனசு கணிதத்துல. வெளிநாட்டு இதழுக்கெல்லாம் தனி ஆள் சந்தா கட்டி மாளாது. பத்து இருபது பேர் சேர்ந்து காசு போட்டு வரவழைச்சு, தபால்லயே ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு அனுப்பிப் படிச்சா என்னன்னு யோசிச்சார். 1907ல் 20 பேரோட ஆரம்பிச்ச அந்தச் சங்கம்தான் இன்னிக்கு இந்தியக் கணிதக் கழகம். 1910ல் வேலை தேடி அலைஞ்ச ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தோட போய் நின்னது இவர் வாசல்லதான், திருக்கோவிலூர்ல. அப்போ திருக்கோவிலூரும் எங்க மரக்காணமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம்னு சொல்லிக்கிறதுல எனக்கு ஒரு சின்னப் பெருமை.

ரங்கநாதனும் கணிதக்காரர். ராமானுஜனைப் பத்திப் பின்னாடி, 1967ல், ஒரு புத்தகமே எழுதினார். சேதி தாமதமா வந்தா என்ன ஆகும்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூணு கார்டு

லண்டன்ல இருந்து மெயில் வாரத்துக்கு ஒரு தடவை கப்பல்ல பம்பாய் வந்து, அங்கிருந்து ரயில்ல சென்னை வரும். அந்தக் கட்டைப் பிரிச்சா இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கான்னு பல ஊர் இதழ்கள். இதை ஒழுங்கா வாங்கி வைக்கிறது புத்தகம் வாங்குறதைவிட நூறு மடங்கு தொல்லை. ஏன்னு பாருங்க.

புத்தகம் ஒரு தடவை வரும், கணக்குல ஏத்தினா வேலை முடிஞ்சது. இதழ் அப்படி இல்லை. ஒண்ணு வாராவாரம், ஒண்ணு மாசாமாசம், ஒண்ணு மூணு மாசத்துக்கு ஒரு தடவை, இன்னொண்ணு எப்போ வரும்னு அதை நடத்துறவருக்கே தெரியாது. நடுவுல பேரை மாத்திடுவாங்க. ரெண்டா பிரிஞ்சிடும். கப்பல்ல ஒரு கட்டு தொலைஞ்சு போகும். சந்தாவை முன்கூட்டியே கட்டியாச்சு, அதனால வரலைன்னா நஷ்டம் நமக்குத்தான். உடனே கடிதம் போட்டாதான் பதிப்பாளர் இன்னொரு பிரதி அனுப்புவார். ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா தீர்ந்து போச்சுன்னு கைவிரிச்சிடுவார். அப்புறம் அந்த வருஷத்துத் தொகுதியில ஒரு பல் விழுந்த மாதிரி ஓட்டை, காலத்துக்கும் அடைக்க முடியாது.

வழக்கமான முறை பெரிய பதிவேடு. ஒரு இதழுக்கு ஒரு பக்கம். வந்ததும் டிக் அடிக்கணும். வந்ததைக் குறிக்க இது போதும். ஆனா எது வரலைன்னு எப்படித் தெரியும்? ஆயிரம் இதழ்னா ஆயிரம் பக்கத்தையும் புரட்டணும். வாராவாரம் அதை யார் செய்வாங்க? யாரும் செய்ய மாட்டாங்க. ஒரு பேராசிரியர் வந்து கேட்கும்போதுதான் நாலு மாசமா வரலைங்கிறதே தெரியும்.

ரங்கநாதன் இதுக்குக் கண்டுபிடிச்சதுதான் மூன்று அட்டை முறை. ஒவ்வொரு இதழுக்கும் மூணு கார்டு.

முதல் கார்டு பதிவு அட்டை. இதழோட பேர் வரிசையில அடுக்கி இருக்கும். எந்த இதழ் எந்தத் தேதியில வந்ததுன்னு இதுல எழுதணும்.

ரெண்டாவது கார்டு சோதனை அட்டை. இதுதான் விஷயம். இதைப் பேர் வரிசையில அடுக்க மாட்டாங்க. அந்த இதழ் அடுத்து எந்த வாரம் வரணுமோ, அந்த வாரத்துக்கான தடுப்புக்குப் பின்னாடி சொருகி வைப்பாங்க. இதழ் வந்துட்டா, கார்டை எடுத்து அடுத்து வர வேண்டிய வாரத்துக்குப் பின்னாடி மாத்திடணும். வாரம் முடியும்போது அந்தத் தடுப்புக்குப் பின்னாடி என்ன கார்டெல்லாம் மிச்சம் இருக்கோ, அதுதான் வராதது. தேடவே வேணாம், அதுவே உங்களைத் தேடி வரும். உடனே நினைவூட்டுக் கடிதம் போட்டு, போட்ட தேதியை அதே கார்டுல குறிச்சுக்கலாம்.

மூணாவது கார்டு பகுப்பு அட்டை. இது பாட வரிசையில இருக்கும். வேதியியல்ல நம்மகிட்ட என்னென்ன இதழ் வருது, பழைய தொகுதி எதுல இருந்து எதுவரைக்கும் இருக்குன்னு வாசகர் கேட்டா, இதைப் பார்த்துச் சொல்லிடலாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களே, உங்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கணும். ஒரே தகவலுக்கு மூணு இண்டெக்ஸ்: பேர், தேதி, பாடம். அதுல ரெண்டாவது, நேரம் வரும்போது தானா மேலே வந்து நிக்கிற கியூ. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்துல நாம மூணாவது செமஸ்டர்ல மண்டையை உடைச்சுக்கிற விஷயத்தை, கம்ப்யூட்டர்னு ஒண்ணு வராத காலத்துல அட்டையும் மரப் பெட்டியும் வெச்சு ஓட்டியிருக்கார். ஆயிரம் பக்கம் புரட்டுற வேலை, அந்த வாரத்துச் சில கார்டுகளை மட்டும் பார்க்கிற வேலையா சுருங்கிடுச்சு.

என் தாத்தாவோட காலண்டர் தாளும் இதே ரெண்டாவது கார்டுதான். அவருக்கு ரங்கநாதன் பேர் தெரிஞ்சிருக்குமான்னு கேட்டா, தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். காத்திருக்கிறவங்களுக்கு ஒரே மாதிரிதான் புத்தி வேலை செய்யும்போல.

1928

அந்த வருஷம் அவருக்கு எல்லாமே ஒண்ணா வந்தது. ஜனவரியில சென்னை நூலகச் சங்கம் ஆரம்பிச்சாங்க, செயலாளர் இவர். நூலக வேலையில தான் பார்த்த ஆயிரம் சின்னச் சின்ன நடைமுறைக்கும் அடியில இருக்கிற சில விதிகளைக் கண்டுபிடிக்கணும்னு அவருக்கு ரொம்ப நாளா அரிப்பு. இயற்பியல்ல நியூட்டனுக்கு மூணு விதி மாதிரி. ஒரு சாயங்காலம் பழைய குரு ராஸ் நூலகத்துக்கு வந்தார். இவர் குழம்பிக்கிட்டு இருக்கிறதைப் பார்த்து, போற போக்குல முதல் விதியைச் சொல்லிட்டுப் போயிட்டார். மீதி நாலும் அதுக்குப் பின்னாடி கடகடன்னு வந்து விழுந்தது. 1931ல் அது புத்தகமாச்சு. உலகத்துல நூலகவியல் படிக்கிற எல்லாரும் இன்னிக்கும் படிக்கிற ஐந்து விதிகள்.

நம்ம பேச்சுல சொல்லணும்னா இப்படி. புத்தகம் இருக்கிறது படிக்கத்தான், பூட்டி வைக்க இல்லை. யாரா இருந்தாலும் அவருக்குன்னு ஒரு புத்தகம் உண்டு, அதை அவர் கையில சேர்க்கணும். எந்தப் புத்தகத்துக்கும் ஒரு ஆள் உண்டு, அந்த ஆளைத் தேடிப் பிடிக்கணும். வர்றவங்க நேரத்தை வீணாக்காதே. கடைசியா, நூலகம் வளர்ந்துக்கிட்டே இருக்கிற ஒரு உயிர், அதுக்கு இடம் விடு. இதுல கணக்கு எதுவும் இல்லை. ஆனா மூணு கார்டு முறையை எடுத்துப் பாருங்க. நாலாவது விதி அதுல அப்படியே உக்காந்திருக்கும்.

அதே 1928ல்தான் அவர் மனைவி ருக்மிணி கோயில் குளத்துல நடந்த விபத்துல இறந்து போனாங்க. அடுத்த வருஷம் சாரதாவை மணந்தார். அவர் வாழ்க்கையை எழுதுறவங்க பலரும் இந்த இடத்தை ஒரு வரியில தாண்டிடுறாங்க. எனக்கும் அதுக்கு மேல எழுதத் தெரியலை. ஞாயிறு, பண்டிகைன்னு பார்க்காம அவர் நூலகத்துலயே கிடந்த வருஷங்கள் அது. அதை உழைப்புன்னு மட்டும் சொல்லிட முடியுமான்னு தோணுது. வீட்டுல இருந்தவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னும் தோணுது.

மாட்டு வண்டியில் வந்த புத்தகம்

சென்னையில உக்காந்து பல்கலைக்கழகத்துக்கு மட்டும் செஞ்சுட்டு நிறுத்தியிருந்தா அவர் ஒரு நல்ல அதிகாரி, அவ்வளவுதான். ஆனா ரெண்டாவது விதியில யாரா இருந்தாலும்னு சொல்லிட்டாரே. கிராமத்துல இருக்கிறவங்க?

1931 அக்டோபர்ல மன்னார்குடி பக்கம் மேலவாசல் கிராமத்துல ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. உள்ளே அலமாரி, அலமாரி நிறைய புத்தகம். கனகசபைப் பிள்ளைங்கிற பொறியாளர் உருவாக்கின வண்டி. நம்ம ஆளுங்க, கவனிச்சுக்கோங்க! ரங்கநாதனோட இயக்கத்துல பிறந்த திட்டம் அது. ஊர் ஊரா போய் நிக்கும். புத்தகம் கொடுத்துட்டு, அடுத்த சுத்துல வந்து வாங்கிக்கிட்டு வேற கொடுக்கும். தபால்காரருக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு வண்டிக்காக ஊரே காத்திருந்திருக்கு.

ஆனா வண்டி ஒரு நல்ல மனுஷரோட ஆர்வத்துல ஓடுது. அவருக்கு அப்புறம்? இதுக்குச் சட்டம் வேணும், நிலையான காசு வேணும்னு ரங்கநாதன் 1930லயே ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதிட்டார். 1930கள்ல சென்னை சட்டமன்றத்துக்கு ஒரு மசோதாவும் போனது. நூலகத்துக்குன்னு கட்டாய வரியான்னு எதிர்ப்பு வந்து நின்னு போச்சு. கடைசியில 1948ல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவுல முதல் நூலகச் சட்டம் அதுதான். எழுதின நாள்ல இருந்து கணக்குப் போட்டா 18 வருஷம். ஒரு அரியர் கிளியர் பண்ண நாம படுற பாட்டுக்கே அலுத்துக்கிறோம்.

உங்க வீட்டு வரி ரசீதை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. நூலக வரின்னு ஒரு வரி இருக்கும். அது அந்தச் சட்டத்துல இருந்து வந்ததுதான். நீங்க கிளை நூலகத்துக்குப் போனாலும் போகாட்டியும் உங்க வீட்டுல காசு கட்டிக்கிட்டுதான் இருக்காங்க.

தோத்த இடமும் ஜெயிச்ச இடமும்

1936ல் பல்கலைக்கழக நூலகம் மெரினா எதிர்ல புதுக் கட்டிடத்துக்குப் போனது. இருபது வருஷத்துக்கு மேல வளர்த்த இடம். ஆனா 1945ல் அங்கிருந்து வெளியே வந்துட்டார். நிர்வாகத்தோட ஒத்துப்போகலை. அம்பத்து மூணு வயசுல காசி இந்து பல்கலைக்கழகம் போய், சுமார் ஒரு லட்சம் நூல்களை அநேகமா தனி ஆளா வகைப்படுத்தினார். 1947ல் டெல்லிப் பல்கலைக்கழகம். பிறகு சில வருஷம் ஜூரிச். 1957ல் பத்மஸ்ரீ. 1962ல் பெங்களூர்ல, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தோட ஆவண ஆராய்ச்சி மையத்தை ஆரம்பிச்சார். நடுவுல, தன் சேமிப்புல இருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, சாரதா பேர்ல நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி உண்டாக்கினார். எந்த இடத்தை விட்டு மனசு கசந்து வெளியே வந்தாரோ, அதே இடத்துக்கு. அன்னிக்கு அது எவ்வளவு பெரிய தொகைன்னு யோசிங்க. 1972 செப்டம்பர் 27ல் பெங்களூர்ல காலமானார்.

உண்மையைச் சொல்லிடணும். கோலன் பகுப்பு முறையை இன்னிக்குப் பயன்படுத்துற நூலகம் ரொம்பக் கம்மி. பெரும்பாலான கல்லூரி நூலகங்கள்ல டூயி எண்தான். கோலன் எண் நீளமா, பார்க்கவே பயமா இருக்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் அவர் மாத்திக்கிட்டே வேற இருந்தார். அந்தப் போட்டியில அவர் தோத்துட்டார்னே வெச்சுக்கலாம்.

ஆனா ஷாப்பிங் தளத்துல செருப்பு தேடும்போது இடது பக்கம் என்ன வருது? பிராண்டு, சைஸ், நிறம், விலை. ஒவ்வொண்ணுலயும் ஒரு டிக் போட்டா பட்டியல் சுருங்கிக்கிட்டே வருது. ஒரு பொருளை ஒரே பெட்டியில அடைக்காம, பல முகமா பிரிச்சு வெச்சு, தேடுறவர் தனக்கு வேணுங்கிற மாதிரி பூட்டிக்கிறது. மெக்கானோ செட் முன்னாடி நின்னப்போ தோணினது அதேதான். தேடல் தொழில்நுட்பம் எழுதுறவங்க இந்த யோசனைக்கு மூலவர்னு ரங்கநாதனைத்தான் சொல்றாங்க. நூலகத்துல தோத்து, உங்க போன்ல ஜெயிச்சிட்டார்.

கடைசியா

எங்க தாத்தா நான் ரெண்டாம் வருஷம் படிக்கும்போது இறந்துட்டார். சந்தா இன்னும் ஏழு வாரம் பாக்கி இருந்தது. பத்திரிகை பாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்தது. லீவுல வீட்டுல இருந்த நான், காலண்டர்ல பேர் எழுதி, வந்ததும் அடிச்சு, அடுத்த வாரத்துக்கு மாத்தி எழுதினேன். யாரும் சொல்லலை, கை தானா செஞ்சது. அஞ்சாவது வாரம் வரலை. ரெண்டு நாள் பொறுத்துட்டு, மரக்காணம் போஸ்ட் ஆபீஸ்ல ஒரு கார்டு வாங்கி, தாத்தா பேரையும் சந்தா எண்ணையும் எழுதிப் போட்டேன். பத்து நாள் கழிச்சு அந்த இதழ் வந்தது. அம்மா அதை வாங்கி, பிரிக்காமலே தாத்தா படத்துக்குக் கீழே வெச்சாங்க. நான் ராத்திரி எடுத்துப் படிச்சேன். முதல் விதி அதானே.

நண்பர்களே, இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. நம்ம நூலகத்துல இதழ்ப் பிரிவுக்குப் போய், உங்க பிரிவுக்கு என்ன ஜர்னல் வருதுன்னு கேளுங்க. போன மாச இதழ் வந்துடுச்சான்னும் கேளுங்க. வரலைன்னா ஏன் வரலைன்னு கேளுங்க. நாம கேட்டாதான் அந்தக் கார்டு நகரும். லீவுக்கு ஊருக்குப் போனா, கிளை நூலகத்துல ஒரு உறுப்பினர் அட்டை போட்டுடுங்க. வரி ஏற்கனவே கட்டியாச்சு.

அடுத்த இதழ்ல சந்திப்போம்.